முட்டை உடைந்ததும் கிடைக்கும் குடும்பம்

பெர்க் தீவின் டிராகன்கள் எல்லாம் குஞ்சு பொரிக்கும் காலம் வந்ததும் கூட்டமாகப் பறந்துபோய்விடுகின்றன. டூத்லெஸ் என்ற டிராகன் மட்டும் போக முடியாமல் நிற்கிறது. அதன் வாலில் ஒரு பக்கத் துடுப்பு இல்லை. அதைப் போக்கியவனும் ஹிக்கப் என்ற பையன்தான், அதற்கு ஈடாகச் செயற்கைத் துடுப்பு செய்து மாட்டியவனும் ஹிக்கப்தான். முதுகில் உட்கார்ந்து அவன் காலால் மிதிவிசையை அழுத்தினால்தான் அந்தத் துடுப்பு விரியும். மனம் கேட்காத பையன், யார் துணையும் இல்லாமல் தானே இயங்கும் புதிய வால் ஒன்றைப் பண்டிகைப் பரிசாகச் செய்து பொருத்துகிறான். டிராகன் பறந்துவிடுகிறது. நாட்கள் போகின்றன. ஊரே பண்டிகைக்குக் கூடியிருக்கும்போது, கடலில் விழுந்துபோன ஹிக்கப்பின் தலைக்கவசத்தை மீட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. அதன் பிறகு அது செய்வதுதான் விஷயம். புதிய வாலை அடித்து நொறுக்கிவிட்டு, பழையதை எடுத்து வந்து அவனிடம் கொடுக்கிறது.

2011-இல் வந்த 'கிஃப்ட் ஆஃப் தி நைட் ஃபியூரி' என்ற 22 நிமிடப் படம் இது. கண் கலங்காமல் பார்ப்பது கடினம். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் ஒரு சந்தேகம் வருகிறது. கைக்கு வந்த விடுதலையை வீசிவிட்டு, ஒருவன் காலடியை நம்பிப் பறப்பதே மேல் என்று முடிவு செய்தது டிராகனா, அது அப்படித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ஏங்கிய நாமா?

டிராகன் குட்டி மனிதர்களிடம் வளர்ந்து அவர்களில் ஒன்றாகும் கதை இன்று சிறுவர் இலக்கியத்திலும் திரையிலும் தனி வகையாகவே நிலைத்துவிட்டது. இதற்கு அத்தனை வயதில்லை. ஐரோப்பியப் பழங்கதைகளின் டிராகன் கொல்லப்படுவதற்காகவே பிறந்தது. புனித ஜார்ஜின் ஈட்டிக்கும் சிகர்டின் வாளுக்கும் அது இரை. பேவுல்ஃப் அதைக் கொன்று தானும் சாகிறான். 1898-இல் கென்னத் கிரேஹாம் கவிதைப் பித்துள்ள சோம்பேறி டிராகன் ஒன்றைப் படைத்து, ஜார்ஜுடன் பேசிவைத்துப் பொய்ச்சண்டை போட வைத்தபோது இந்த மரபு வாய்விட்டுச் சிரித்தது. 1948-இல் ரூத் ஸ்டைல்ஸ் கேனட் எழுதிய 'மை ஃபாதர்ஸ் டிராகன்' நூலில் குட்டி டிராகன் வந்தது. மேகத்திலிருந்து விழுந்த அதைக் கயிற்றில் கட்டி, ஆறு கடக்கும் ஓடமாக விலங்குகள் பயன்படுத்துகின்றன. எல்மர் என்ற சிறுவன் அதை விடுவிக்கப் போகிறான். எதற்காக? பறக்க வேண்டும் என்ற ஆசைக்காக. கருணையும் இருக்கிறது, சுயநலமும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் வைத்த கேனட்டின் நேர்மை பின்னால் வந்த பலரிடம் இல்லை.

இந்தக் கதை வகை ஏன் பிடித்துப்போகிறது என்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஒரு வீட்டுக்குப் புதிதாக வரும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். தத்துப்பிள்ளையாக இருக்கலாம், அகதியின் மகளாக இருக்கலாம், அப்பாவின் இரண்டாம் கல்யாணத்தோடு வந்த பையனாகவும் இருக்கலாம். அந்த வீட்டில் சட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். எங்கே உட்காரலாம், எவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாம் என்பது வந்த பிள்ளைக்கு மட்டும் தெரியாது. டிராகன் குட்டி இதை உடம்பாலேயே காட்டிவிடுகிறது. தும்மினால் திரைச்சீலை பற்றிக்கொள்ளும், திரும்பினால் மேசை சாயும். அன்பு இருந்தும் இடம் போதாத அவஸ்தையை, எதார்த்த நாவல் பல பக்கங்களில் சொல்வதை, இது ஒரே காட்சியில் சொல்லிவிடும். கிரிஸ் சாண்டர்ஸும் டீன் டிப்ளாயும் 2010-இல் இயக்கிய, டூத்லெஸ் கதையின் முதல் படம் இன்னொரு படி மேலே போனது. அதன் முடிவில் ஹிக்கப் ஒரு பாதத்தை இழந்து செயற்கைக் காலுடன் நடக்கிறான். வால் போன டிராகனும் கால் போன பையனும் பக்கத்தில் பக்கத்தில். ஒருவர் மற்றவருக்கு உபகாரம் செய்கிறார் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

சிக்கல் தொடங்கும் இடம் முட்டை. 1967-இல் சிறுகதையாகத் தொடங்கி 1968-இல் 'டிராகன்ஃப்ளைட்' நாவலாக விரிந்த ஆன் மெக்கஃப்ரியின் பெர்ன் உலகில், முட்டையிலிருந்து வெளிவந்த டிராகன் தன்னைச் சுற்றி நிற்கும் இளைஞர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தக் கணத்தில் இரண்டு மனங்களும் ஒட்டிக்கொள்கின்றன, ஆயுள் முழுவதும். கிறிஸ்டோபர் பவோலினியின் 'எரகான்' இன்னும் துணிந்தது. அங்கே உரியவர் வரும்வரை முட்டை பொரியவே பொரியாது. எவ்வளவு பெரிய ஆறுதல் பாருங்கள்! பள்ளியில் யாரும் தன் அணியில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைக்கு, தனக்காகவே காத்துக் கிடக்கும் ஒரு முட்டை. நான் இந்த ஆறுதலைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அது பிள்ளைக்கான ஆறுதல். டிராகனுக்கு அதில் என்ன இருக்கிறது? பெர்னில் தான் தேர்ந்தெடுத்தவர் இறந்தால் டிராகன் தானும் உயிரை விட்டுவிடும். அந்த டிராகன்களே, வானிலிருந்து விழும் நாசத்தை எரிப்பதற்காகச் சிறு பல்லிப்பறவைகளிலிருந்து மனிதர்கள் மரபணு மாற்றி உருவாக்கியவை என்று மெக்கஃப்ரி பின்னால் எழுதினார். நேசிக்கவும் சாகவும் தயாராகப் பிறக்கும்படி செய்யப்பட்ட உயிரின் தேர்வைத் தேர்வு என்பது கூசுகிறது.

முட்டையிலிருந்து வந்ததும் முதலில் கண்ட முகத்தோடு ஒட்டிக்கொள்வது கற்பனை அல்ல. சாம்பல் வாத்துக் குஞ்சுகள் தன்னையே தாயாக எண்ணிப் பின்தொடர்ந்ததை 1930களில் கான்ராட் லோரன்ஸ் விவரித்தார். வரிசையாக நடக்கும் குஞ்சுகளும் முன்னே நடக்கும் தாடிக்காரரும் கொண்ட அந்தப் புகைப்படத்தை எல்லோரும் ரசித்திருப்போம். அதன் மறுபக்கம் அமெரிக்காவின் பாரபூ என்ற ஊரில் நடந்தது. டெக்ஸ் என்பது ஹூப்பிங் கொக்கு இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் பறவை. 1941-இல் இருபத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்ட இனம் அது. விலங்குக் காட்சியகத்தில் மனிதக் கையில் வளர்ந்த டெக்ஸ், ஆண் கொக்குகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கு மனிதர்கள்தான் இனம். அதை முட்டையிட வைக்க, சர்வதேசக் கொக்கு அறக்கட்டளையை நிறுவியவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஆர்ச்சிபால்ட், துணைக்கொக்காக அதன் கூடவே குடியிருந்து, கைகளை விரித்துக் குதித்துக் குதித்து நடனமாடினார். பல பருவங்கள் ஆடிய பிறகு, செயற்கைக் கருத்தரிப்பின் உதவியுடன், 1982-இல் ஒரே ஒரு குஞ்சு பிறந்தது. இதைச் சிரித்துக்கொண்டும் படிக்கலாம், ஆனால் அந்தப் பறவைக்கு இழைக்கப்பட்டது என்ன என்று பாருங்கள்: அன்பாக வளர்த்ததே தன் இனத்திலிருந்து அதைப் பிடுங்கிவிட்டது. அதனால்தான் பிற்காலத்தில் குஞ்சு வளர்ப்பவர்கள் உடல் முழுதும் வெள்ளை அங்கி போர்த்தி, கையில் கொக்குத்தலைப் பொம்மை மாட்டி, வாய் பேசாமல் தீனி கொடுத்தார்கள். தங்கள் முகம் குஞ்சின் மனதில் பதியக் கூடாது என்று பயந்தார்கள். வலசை போகக் குட்டி விமானத்தின் பின்னே பறக்கவிட்டுப் பழக்கினார்கள். அப்படி வளர்ந்தவை பெரிதாகித் தம் குஞ்சுகளைச் சரியாக வளர்க்கவில்லை என்ற கவலையில், 2016-இல் அந்த விமான முறையையும் அமெரிக்க அரசு கைவிட்டது. பறவை வளர்ப்பவர்களுக்கு வந்த இந்தப் பயம் டிராகன் எழுத்தாளர்களில் மிகச் சிலருக்கே வந்திருக்கிறது.

வந்தவர்களும் பெரும்பாலும் ஒரு குறுக்கு வழியைத்தான் பிடித்தார்கள்: கடைசியில் டிராகனை அனுப்பிவிடுவது. ஹாரி பாட்டரின் முதல் நூலில் ஹாக்ரிட் மரக்குடிசைக்குள் நார்பெர்ட் என்ற டிராகனைப் பொரிக்க வைத்து, பிராந்தியில் கோழி ரத்தம் கலந்து புகட்டித் தன்னை அதன் அம்மா என்று கொஞ்சுகிறான். அதுவோ அகப்பட்டவர்களை எல்லாம் கடிக்கிறது. அங்கே ரௌலிங் இந்த வகையையே கேலி செய்கிறார், நன்றாகவே செய்கிறார். நார்பெர்ட் ருமேனியா போவதில் ஹாக்ரிட்டைத் தவிர யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் டூத்லெஸ் கதையின் மூன்றாம் படமான, 2019-இன் 'தி ஹிட்டன் வேர்ல்ட்' அழவைக்க நினைக்கிறது. டூத்லெஸ்ஸுக்கு ஜோடி கிடைக்கிறது, மறுபடியும் தானியங்கி வால் கிடைக்கிறது, டிராகன்கள் எல்லாம் மனிதர்களை விட்டு மறைந்த உலகத்துக்குப் போய்விடுகின்றன. 2011-இல் நொறுக்கப்பட்ட வாலை எட்டு ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்தது நியாயம்தான். உறுத்துவது வேறு. மூன்று படங்களாகச் சேர்ந்து வாழக் கற்றுக்கொண்ட ஊர், வேட்டைக்காரர்கள் வந்ததும் 'உங்கள் பாதுகாப்புக்கு நீங்கள் போவதுதான் நல்லது' என்கிறது. ஊர் திருந்த வேண்டிய இடத்தில் வந்தேறி வெளியேறுகிறது. அதைத் தியாகம் என்று படம் அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வைத்துக்கொண்டால் வாகனம், விட்டுவிட்டால் வனவிலங்கு என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வழி இந்தப் படங்களுக்குத் தோன்றவில்லை.

உர்சுலா லெ குவின் வேறு வாசலால் நுழைந்தார். 1990-இல் வந்த 'தெஹானு'வில் முட்டை கிடையாது. சொந்த மனிதர்களே சிதைத்து நெருப்பில் போட்ட ஒரு சிறுமியை டெனார் என்ற நடுவயது விதவை எடுத்து வளர்க்கிறாள். பாதி முகம் வெந்து ஒரு கண் போய்விட்டது. ஒரு கை நகம்போலச் சுருண்டுவிட்டது. ஊரார் அவளைப் பார்த்ததும் திருஷ்டி கழிக்கிறார்கள். தான் வளர்ப்பது யாரை என்று டெனாருக்கே தெரியாது. வாசகருக்கும் கடைசிவரை சந்தேகமாகத்தான் இருக்கும். முடிவில், டெனாரையும் அவள் துணைவன் கெட்டையும் காப்பாற்ற அந்தச் சிறுமி கூப்பிட்ட குரலுக்கு மூத்த டிராகன் கலெசின் வந்து, அவளைத் தன் பிள்ளை என்கிறது. கூடப் போகலாமா என்று சிறுமி கேட்கிறாள். அவள் டெனாரையும் கெட்டையும் பார்க்கிறாள். அவர்கள் வர முடியாது என்று தெரிந்ததும் இப்போதைக்கு இங்கேயே இருப்பதாகச் சொல்லிவிடுகிறாள். 2001-இல் வந்த அடுத்த நாவலில்தான் அவள் பறந்துபோகிறாள். இதுவும் பிரிவுதான். ஆனால் இங்கே யாரும் அவளை அனுப்பவில்லை, யாரும் அவளைக் கட்டியும் போடவில்லை. முதுகில் ஏற வேண்டும் என்ற ஆசை வளர்த்தவளுக்கு ஒருபோதும் வரவில்லை என்பதே பெரிய வேறுபாடு. குறை சொல்வதென்றால், அந்த நாவலில் சிறுமி அதிகம் பேசுவதே இல்லை. அவள் மனதுக்குள் டிராகனாக இருப்பது எப்படி இருந்தது என்பது நமக்குக் கிடைக்காமலே போகிறது.

டிராகனைப் பேசவிட்டவர் நவோமி நோவிக். 2006-இல் தொடங்கிய 'டெமரேர்' வரிசை, நெப்போலியன் காலப் போர்களில் டிராகன் படை இருந்தால் என்ற கற்பனை. பிரெஞ்சுக் கப்பலில் கைப்பற்றிய முட்டை நடுக்கடலில் பொரிகிறது. சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த பையனைத் தாண்டி வந்து, டெமரேர் என்ற அந்தக் குஞ்சு கேப்டன் லாரன்ஸிடம் அவன் முகச்சுளிப்புக்குக் காரணம் கேட்கிறது. சேணத்தை ஏற்றுக்கொள்ளாவிட்டால் அரசுக்குப் பயனில்லை என்பதால் லாரன்ஸ் அதைப் பூட்டிவிடுகிறான். அந்த ஒரு செயலில் அவனுடைய கடற்படை வேலை, கல்யாணக் கனவு, தந்தையின் மதிப்பு எல்லாம் போகின்றன. குடும்பமாவதற்கான விலையை இங்கே மனிதனும் கொடுக்கிறான்.

ஆனால் நோவிக்கின் கூர்மை லெவிடாஸ் என்ற சிறு தூது டிராகனிடத்தில் தெரிகிறது. அதன் கேப்டன் ராங்கின் அதை வண்டிமாட்டைவிடக் கேவலமாக நடத்துகிறான். சேணம் அழுக்கேறிப் புண்ணாகியிருக்கும். மற்றவர்கள் இரங்கித் தேய்த்துக் குளிப்பாட்டினாலும் லெவிடாஸ் கேட்பது, தன் கேப்டன் எப்போது வருவார் என்பதைத்தான். சாகக் கிடக்கும்போதும் அதே கேள்வி. லாரன்ஸ் அந்த ஆளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்து நிறுத்த வேண்டியிருக்கிறது. முதல் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் பாசத்தை இத்தனை நாவல்கள் கொண்டாடியிருக்க, அதே பாசம் தகாதவன் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று இந்தச் சில பக்கங்கள் காட்டுகின்றன. பெற்றவர்கள் அடித்தாலும் பெற்றவர்களையே தேடும் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு லெவிடாஸ் புதிதல்ல.

'த்ரோன் ஆஃப் ஜேட்' என்ற இரண்டாம் நூலில் டெமரேர் சீனா போகிறது. அங்கே அதற்கு அம்மா இருக்கிறாள்! இந்த வகைக் கதைகளில் எத்தனை டிராகன்களுக்குத் தாய் உண்டு என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும். சீனத் தெருக்களில் டிராகன்கள் நடக்கின்றன, காசு வைத்திருக்கின்றன, படிக்கின்றன. இங்கிலாந்தில் பச்சை மாட்டைக் கிழித்துத் தின்றது இங்கே மசாலா போட்டுச் சமைத்ததை ருசிக்கிறது. இருவரின் உறவுக்கும் தகுதி வர வேண்டும் என்பதற்காகப் பேரரசர் தத்தெடுப்பது டிராகனை அல்ல, லாரன்ஸை. இந்தத் தலைகீழாக்கம் ஒன்றுக்காகவே அந்த நூலை மன்னிக்கலாம். மன்னிக்க நிறைய இருக்கிறது: ஒன்பது நூல்கள் கண்டம் கண்டமாக அலைகின்றன, டெமரேர் வாதாடினால் எதிராளி அநேகமாக முட்டாளாகத்தான் இருப்பான், நடுவில் ஓரிரு நூல்களைத் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை.

இருந்தும் சீனாவின் சுகத்தை விட்டு டெமரேர் இங்கிலாந்து திரும்பும் முடிவை நான் நம்புகிறேன். லாரன்ஸ் மீதுள்ள பாசம் ஒரு காரணம்; இங்கிலாந்தின் டிராகன்களுக்கும் இந்த வாழ்க்கை கிடைக்க வேண்டும் என்ற கோபம் இன்னொன்று. எதை விட்டு வருகிறோம் என்று அதற்குத் தெரியும், வந்து என்ன கேட்கப் போகிறது என்றும் தெரியும். 'விக்டரி ஆஃப் ஈகிள்ஸ்' நூலில், சேணமில்லாத டிராகன்களைத் திரட்டி நாட்டுக்காகச் சண்டை போட வைத்துவிட்டு, அதற்குக் கூலி எவ்வளவு என்று தளபதிகளிடம் பேரம் பேசுகிறது. இந்தப் பேரத்தில் அதிகம் நெளிபவன், அதை உயிராக நேசிக்கும் லாரன்ஸ்தான். டிராகன் கேட்பது நியாயம் என்று அவனுக்குத் தெரியும். அதைத் தானே முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பதும் தெரியும்.