மருத்துவ மென்பொருளும் மருத்துவர் பொறுப்பும்

ஒரு கருவியின் சிறப்பு அதன் பொறியமைப்பில் மட்டும் அடங்குவதன்று; அதனுள் வைக்கப்பட்ட அறிவின் செம்மையிலும் அடங்குவதாகும். நோயாளர் குறிப்புக்கள் ஏட்டிலிருந்து கணினிக்கு மாறிவரும் இக்காலத்தில் இவ்வுண்மை பெரிதும் சிந்திக்கற்பாலது. வைத்தியசாலை மென்பொருள் எழுப்பும் வினாக்கள், அது தரும் எச்சரிக்கைகள், நோயாளருக்கு அச்சிட்டு வழங்கும் அறிவுரைகள் என்பன அதன் உள்ளடக்கம். நிரலை எழுதுவோர் கணினி வல்லுநர். உள்ளடக்கத்தை எழுதற்குரியோர் யாவர் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள கிண்ணியாவில் 2017ஆம் ஆண்டின் முற்பகுதியில் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவிற்று. அவ்வாண்டில் இலங்கை முழுவதிலும் 186,000க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். டெங்கின் இயல்பு விந்தையானது. ஏனைய காய்ச்சல்களில் வெப்பந் தணிதல் நலத்தின் அறிகுறி. டெங்கிலோ, மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள்வரையில் வெப்பந் தணியும் வேளையே சிலருக்கு ஆபத்து தொடங்கும் வேளையாகும். அப்பொழுது குருதியின் நீர்ப்பகுதி நுண்குழாய்களினின்றும் கசியும், குருதி செறிவடையும், நாடி தளரும். மருத்துவம் அறியாதார் வகுத்த படிவம் ‘காய்ச்சல் உண்டா, இல்லையா’ என்று மட்டும் வினவி, ‘இல்லை’ என்ற விடையைக் குணமாதலின் குறியாகக் கொள்ளும். மருத்துவர் வகுத்த படிவமோ, காய்ச்சல் தொடங்கிய நாள் யாது, வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் உளவா, சிறுநீர் குறைந்ததா என வினவும். இவ்விரு படிவங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் உயிரின் வேறுபாடாகவும் முடியலாம் அன்றோ?

மருத்துவர்க்கு இதற்கு நேரம் ஏது என்று வினவுவார் உளர். வெளிநோயாளர் பிரிவில் நிற்கும் வரிசையைக் கண்டோர் இத்தடையை எளிதில் தள்ளார். ஆயினும், முடிந்த வேலையை இறுதியிற் காட்டிக் கையொப்பம் பெறுதல் பங்கேற்பு ஆகாது. உள்ளடக்கம் அமைத்தலை ஓய்வுநேரப் பணியாக விடாது, கடமைநேரத்தின் பகுதியாக நிருவாகத்தினர் ஒதுக்குதல் வேண்டும்.

மருத்துவரிடத்தும் ஒரு குறை உண்டு. அறியத்தக்க யாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்னும் அவாவினால் அவர்கள் படிவத்தை நீட்டிவிடுவர். அதனை நிரப்புஞ் சுமையோ பெரும்பாலும் தாதியர்மேல் விழும். ஆதலின், நிரப்புவோரும் வகுப்போருடன் ஒருங்கிருத்தல் இன்றியமையாதது.

இப்பணிக்கு ஈழத்திலேயே முன்மாதிரி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் பயிற்றினார். 1860களில் தமிழையே பயிற்றுமொழியாக்கினார். ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. அவரிடம் மருத்துவம் கற்ற மாணவரே மொழிபெயர்ப்பில் ஈடுபட்டனர். கருவியைக் கையாளுங் கைகளே சொல்லையும் அமைத்தன. எனினும், இரணம் என்ற சொல் மக்கள் வழக்கில் நிலைத்திருக்க, உடற்கூற்றுக்கு வழங்கிய அங்காதிபாதம், உடற்றொழிலுக்கு வழங்கிய சுகரணம் என்பன வழக்கொழிந்தன. மருத்துவரின் ஒப்புதல் சொல்லைப் பிழையற்றதாக்கும். அதனை வழங்கச் செய்வோர் மக்களே என்பது இதனாற் பெறப்படும்.

அண்மைக்காலத்தும் சான்று உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் மருத்துவர்க்கே தகவலியலில் முதுநிலைப் பயிற்சி அளித்து வருகின்றது. 2020 சனவரியில் கொவிட் தொற்று இலங்கையை எட்டியபோது, நாட்டினுள் வருவோரைக் கண்காணிக்கும் முறைமை ஒன்று டி.எச்.ஐ.எஸ்.2 எனும் திறந்த மென்பொருளில் விரைந்து அமைக்கப்பட்டது. மருத்துவமும் கணினியும் ஒருங்கு கற்றோர் அப்பணியில் முன்னின்றமையே அவ்விரைவுக்கு ஒரு காரணம் எனலாம்.

தமிழும் சிங்களமும் வழங்கும் துறைமுக மாவட்டத்தில் இப்பொறுப்பு இருமடங்காகின்றது. “காய்ச்சல் விட்டிட்டுது, பிள்ளைக்குச் சுகம்” என்று தாய் மகிழ்ந்து உரைக்கும் வேளையில், அது ஆபத்தான வேளையாகவும் இருக்கலாம் என அவளுக்கு விளங்குந் தமிழில் எச்சரிக்கும் வரி ஒன்று அவள் கைச்சீட்டில் இருத்தல் வேண்டும். அவ்வரியைக் கணினி தானே எழுதாது. நோயை அறிந்தவரும் அத்தாயின் மொழியை அறிந்தவரும் கூடியிருந்து எழுதுதலே முறையாகும்.