முணுமுணுப்புக்குப் பழகுதல்

ஸ்லின்ட்டின் ‘ஸ்பைடர்லேண்ட்’ (1991) ஆல்பத்தை முதல் தடவை பாதியிலேயே நிறுத்திட்டேன். போஸ்ட்-ஹார்ட்கோர் என்றார்கள்; பாடகர் பிரையன் மெக்மஹனோ கிடார்களுக்கு அடியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இடையில் கத்துவதும் தூரத்தில்தான் கேட்டது.

அடுத்த தடவை, என்னதான் சொல்றார் என்று வால்யூமைக் கூட்டினேன். மாட்டிக்கொண்டேன். ஆறாவது, கடைசிப் பாட்டான ‘குட் மார்னிங், கேப்டன்’ முடிவில் அந்தக் குரல் முன்னால் வந்து அலறியது. ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

பத்தாவது தடவைக்குள் அலறலின் அதிர்ச்சி போய்விட்டது. ஆனால் முணுமுணுப்பு மாறியிருந்தது. முன்பு அசட்டையாகத் தெரிந்தது, இப்போது சொல்ல முடியாமல் தவிப்பதாகக் கேட்கிறது. கத்துவதே ஹார்ட்கோரின் நேர்மை என்று நம்பியிருந்தேன். கத்த முடியாமல் போவதும் அதே நேர்மைதான் என்று இந்த லூயிவில் பையன்கள் காட்டினார்கள். முடிவு தெரிந்த பிறகுதான் எனக்கு முதல் பாட்டின் தயக்கமே புரிந்தது.