பாசறையில் அவள் பேச்சு இல்லை

முல்லைப்பாட்டின் பாசறையில் அரசனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு கை படுக்கையில் ஊன்றியிருக்கிறது, மறு கை தலையில். சுற்றிலும் நீர்க்கடிகாரம் பார்த்துப் பொழுது சொல்கிறவர்கள், இடுப்பில் குறுவாள் கட்டிக்கொண்டு விளக்குக்கு நெய் வார்க்கும் பெண்கள், வாய் பேசாமல் சைகையிலேயே பேசும் மிலேச்சக் காவலர்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் 103 அடிகளில் பாடிய இந்தப் பாட்டு, பத்துப்பாட்டிலேயே சிறியது. கணவனைப் பிரிந்து காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு என்பதால், அந்த நள்ளிரவில் அவன் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான் என்று நாம் நம்பிப் படிக்கிறோம்.

அவன் நினைப்பது யானையை. வேல் பாய்ந்த வலியில் தன் பிடிகளையே மறந்துவிட்ட யானை. அம்பு தைத்துச் செவியைச் சாய்த்துத் தீனி தின்னாமல் நிற்கும் குதிரை. உண்ட சோற்றுக்குக் கடன் கழித்துச் செத்துப்போன வீரர்கள். மனைவி என்ற சொல் அவன் நினைவில் எங்கும் இல்லை. ஆனால் பிடியை மறந்த களிறு ஒன்று இருக்கிறது. பாசறையில் துணையைப் பற்றிய ஒரே பேச்சு அந்த மிருகத்தின் மேல் ஏற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

காரணம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. கற்பியலில் ஒரு நூற்பா, வினை நடக்கும் இடத்தில் கிழத்தியின் நிலையைப் பேசுவதில்லை, வென்ற பிறகு அது தானே விளங்கித் தோன்றும் என்கிறது. பாசறையில் பெண்ணோடு கூடியிருத்தல் ஆகாது என்று இன்னொன்று. வேந்தனுக்காகப் போகும் பிரிவு ஓர் ஆண்டுக்குள் முடியவேண்டும் என்று மற்றொன்று. படிப்புக்குப் போகிறவனுக்கு மூன்று ஆண்டு வரை உண்டு. போருக்குப் போகிறவனுக்கு ஓர் ஆண்டுதான். ஏக்கத்துக்கே கெடு வைத்த இலக்கணம் இது.

போர்முனையில் இருப்பவனின் ஏக்கத்தைப் பாடிய பழந்தமிழ்க் கவிதைகள் எல்லாமே இந்த விதியோடு ஏதோ ஒரு வகையில் மல்லுக்கட்டியவை என்றே எனக்குப் படுகிறது. நெடுநல்வாடையில் நக்கீரர் விதியை அப்படியே காப்பாற்றுகிறார். வாடை வீசும் நள்ளிரவில் அரசன் விளக்கொளியில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். அரண்மனையில் அரசி விதானத்தில் தீட்டிய திங்களையும் உரோகிணியையும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். இரண்டுக்கும் நடுவே ஒரு தூதுச்சொல் கூட இல்லை. அந்தப் பாசறையில் ஒருவன் ஏந்திய வேலில் வேம்பு கட்டியிருப்பதால் தலைவன் பாண்டியன் என்று அடையாளம் தெரிந்துவிடுகிறது, ஆகவே இது அகம் ஆகாது, புறமே என்று தீர்ப்புச் சொன்னார் நச்சினார்க்கினியர். உரையாசிரியர்களின் வழக்கு அந்த வேப்பிலையிலேயே சுற்றிக்கொண்டிருக்க, அவன் யாரை நினைத்தான் என்ற கேள்வி ஓரமாகப் போய்விட்டது. முல்லைப்பாட்டுக்கு மறைமலையடிகள் 1903இல் எழுதிய ஆராய்ச்சியுரையும், நச்சினார்க்கினியர் அடிகளை இடம் மாற்றிக் கூட்டிப் பொருள் கொண்டதை எதிர்த்து நெடுந்தூரம் வாதாடுகிறது. பாட்டைப் பாட்டின் ஓட்டத்திலேயே படிக்கவேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

விதியை வெளிப்படையாக மீறியவர் பேயனார். ஐங்குறுநூற்று முல்லையில் பாசறைப் பத்து என்றே பத்துப் பாட்டுகள் வைத்திருக்கிறார். அங்கே தலைவன் வாய்விட்டுப் பேசுகிறான். அவனுடைய மனத்தாங்கல் எதிரியிடம் இல்லை, தன் வேந்தனிடம். இவர் சினம் தணிந்தால் நான் வீடு போய்ச் சேருவேன் என்கிற தொனி அந்தப் பத்தில் ஓடுகிறது. பகைவன் மேல் ஒரு வசவும் இல்லாத போர்க்களக் கவிதை!

மற்றவர்கள் வேறு வழி கண்டார்கள். வினை முடியட்டும், தேர் புறப்படட்டும், அப்புறம் பேசலாம். தலைவன் தேர்ப்பாகனிடம் சொல்லும் பாட்டுகள் இத்தனை இருப்பதற்கு அதுவே காரணம். பாகன் காது கொடுப்பான், பதில் சொல்லமாட்டான். இப்படிப் பேசுகிறவன் எப்போதும் தேர் வைத்திருப்பவன்தான் என்பதையும் சொல்லவேண்டும். நடந்தே வீடு திரும்பிய காலாளின் ஏக்கத்துக்கு அகப்பாட்டில் இடம் கிடைக்கவில்லை.

இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தது ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அகநானூற்றின் 384ஆம் பாட்டு. தேரில் ஏறியது தெரியும், வந்த வழி தெரியாது என்கிறான் தலைவன். முயல்குட்டிகள் துள்ளும் முல்லைக்காடும் வரகு விளையும் சிற்றூரும் எப்போது வந்தன என்றே தெரியவில்லை. வீட்டு வாசலில் பாகன் இறங்கச் சொன்னதும் திகைத்துப்போகிறான். காற்றைப் பூட்டினாயா, குதிரை உருவத்தில் உன் மனத்தையே பூட்டினாயா என்று கேட்டுப் பாகனைக் கட்டித் தழுவி உள்ளே அழைத்துப்போகிறான். அவளுக்கு விருந்தாளி கிடைத்தார் என்று பாட்டு முடிந்துவிடுகிறது. அத்தனை தூரம் ஏங்கி வந்தவன் பாட்டுக்குள் தழுவியது பாகனைத்தான்.

இதே மாசாத்தியார்தான் புறநானூற்று 279ஐயும் பாடினார். தந்தை யானையை வீழ்த்தி மாண்டான், கணவன் நேற்று ஆநிரை காக்கப் போய் விழுந்தான், இன்று பறை கேட்டதும் ஒரே மகனின் குடுமியில் எண்ணெய் தடவி வாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள் ஒருத்தி. அந்தத் துறைக்கும் மூதின் முல்லை என்றே பெயர். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் படித்தால், தேர் திரும்பாத வீட்டைப் பார்த்தவரே தேர் திரும்பும் வீட்டையும் பாடினார் என்பது புரியும்.

பின்னால் வந்த கார்நாற்பது, கலிங்கத்துப்பரணியின் கடைதிறப்பு ஆகியவற்றில் இந்த மரபு அலங்காரமாக மெலிகிறது. நடுவே சிலப்பதிகாரத்தில் மட்டும் ஓரிடம் நெருடுகிறது. கங்கையின் தென்கரையில் மாலைப் பிறையைப் பார்த்து நிற்கிறான் செங்குட்டுவன். அவன் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த கணிதான் வஞ்சியை விட்டு வந்து முப்பத்திரண்டு மாதம் ஆயிற்று என்கிறான். ஓராண்டுக் கெடு அரசனுக்காகப் போகிறவனுக்குத்தானே, அரசனுக்கா என்று வாதிடலாம். ஆனால் மாதத்தை எண்ணி வைத்திருந்தவன் கணி ஒருவன்தானா?

இருபதாம் நூற்றாண்டில் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959) இந்த மரபைத் தலைகீழாக்குகிறது. செல்லையா பினாங்கில் வட்டிக்கடைப் பையன், ஐ.என்.ஏ.வில் சேர்ந்து, போர் முடிந்து முதலாளி வீட்டுக்குத் திரும்புகிறான். மரகதம் காத்திருக்கிறாள். பட்டாளத்துக்குப் போய்வந்தவன் தொழிலுக்கு ஆகமாட்டான் என்று அவள் தந்தை கையை விரித்துவிடுகிறார். பேயனாரின் தலைவனுக்கு வேந்தன் சினம் தணிந்தால் போதும். செல்லையாவுக்கு வேந்தனும் இல்லை, போரும் இல்லை. அவள் அதே வீட்டில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள்.