என்ன லோடு?

ஸ்கேல் மாடல் விமானம் கட்டுகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரு நோட்டு இருக்கும். கட்டி முடித்தவற்றின் கணக்கு அதில் இருக்காது. இனிமேல் கட்டப்போகிறவைதான் பக்கம் பக்கமாக இருக்கும்: எந்த கிட், எந்த ஸ்குவாட்ரன், என்ன பெயிண்ட். ஓரத்தில் அம்புக்குறி போட்டு ‘மூக்கை நீட்டினால்?’, ‘இஞ்சினை மாற்றினால்?’ என்று கிறுக்கியிருக்கும். அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து 2017 வரை கடலைக் காவல் காத்த டுப்போலெவ் 142 விமானத்தின் இறக்கை வீச்சு 50 மீட்டர். 1/72 அளவில் கட்டினால் 69 சென்டிமீட்டர் வரும்; நடுத்தர வீட்டு ஷோகேஸில் எந்தத் தட்டிலும் அடங்காது. நோட்டில் அதற்கு ஒரு வரி போதும்.

இந்தத் திட்டம் போடும் பழக்கத்தை வெட்டி வேலை என்று தள்ளுகிறவர்கள் உண்டு. கட்டுவதைவிட இதுதான் சுகம் என்று நோட்டோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டு கட்சியிலும் சேர விருப்பமில்லை. ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் திட்டம் நல்ல திட்டம், அவ்வளவுதான் என் அளவுகோல். அந்தக் கேள்வி நாமக்கல் லாரி பட்டறைகளில் தினமும் காதில் விழுவது.

காவிரிக்கரை மோகனூரிலிருந்து நாமக்கல் போகிற எவரும் பார்த்திருப்பார்கள். வண்டி வெறும் சேசிஸாக, கேபின்கூட இல்லாமல் வந்து நிற்கும். டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வந்திருப்பார். அதுதான் பாடி கட்டியபின் டேங்கராகும், கோழி வண்டியாகும். திருச்செங்கோடு பக்கம் போனால் போர்வெல் ரிக்காகும். மேஸ்திரி டேப்பை எடுப்பதற்கு முன்னால் “என்ன லோடுங்க?” என்பார். முட்டையா சிமென்டா, எத்தனை டன், எந்த ரோட்டில் ஓடும் என்று தெரிந்த பிறகுதான் நீளமும் உயரமும். விமானத்தை மாற்றிக் கட்ட நினைக்கிறவரும் இதையே கேட்டுக்கொள்ள வேண்டும். இது எதைச் சுமக்கும், யாருக்காக, யார் பணத்தில்? நிஜத்தில் ஏன் நடக்காமல் போயிற்று?

மோகனூரில் உட்கார்ந்து கட்டுகிறவருக்கு ஓரளவு திட்டம் இல்லாமல் முடியவும் முடியாது. கிட் கூரியரில் வந்துவிடும். பெயிண்டும் தின்னரும் தீப்பற்றும் சரக்கு. அவை தரைவழியாக மெல்லத்தான் வரும். ஆடிக் காற்றில் ஆற்றங்கரைப் புழுதி பறக்கும் நாட்களில் பளபளப்புப் பூச்சு அடித்தால் விடிந்ததும் சொரசொரவென்று நிற்கும். ஐப்பசி ஈரத்தில் லாக்கர் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப்போகும். வெட்டி ஒட்டிப் பட்டி பார்க்க ஒரு பருவம், வண்ணம் அடிக்க ஒரு பருவம் என்று வருஷத்தைப் பிரித்துக்கொள்ளத்தான் வேண்டும். மாடலுக்கென்று தயாராகும் பட்டி பக்கத்தில் கிடைக்காவிட்டாலும் லாரிக்குப் பூசும் என்.சி. பட்டி தாராளமாகக் கிடைக்கும். ஆனால் தடிப்பாக அப்பினால் அதிலுள்ள தின்னர் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். காயக் காயப் பட்டி சுருங்கி, அழுந்திக் கிடந்த மூட்டு மறுபடி கோடாகத் தெரியும். மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு ராத்திரி காயவைத்து மேலே இன்னொரு பூச்சு, அதற்குப் பிறகு 400இல் தொடங்கி 1000 வரை வாட்டர் பேப்பர். ஒரே ஒரு மூட்டுக்கு இது இரண்டு மூன்று நாள் வேலை. ‘மூக்கை நீட்டு’ என்று நோட்டில் எழுதும்போது இதெல்லாம் யாருக்கும் தோன்றுவதில்லை.

நேட் விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். 1965, 1971 போர்களில் பெயர் வாங்கிய குட்டிப் போர்விமானம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் செகான் கடைசியாக ஓட்டியது இதைத்தான். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. ஆனால் கடையில் வெகுகாலம் சுலபமாகக் கிடைத்தது ஏர்பிக்ஸ் கம்பெனியின் 1/72 நேட். அது பிரிட்டிஷ் விமானப்படையின் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். பின் சீட்டை அடைத்துப் பட்டி பூசிவிட்டால் இந்திய நேட் வந்துவிடும் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஸ்கேலை வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பயிற்சி விமானத்தின் நீளம் 9.68 மீட்டர், போர்விமானத்தின் நீளம் 8.74. மாடலில் வித்தியாசம் 13 மில்லிமீட்டர். இறக்கை வீச்சு அதற்கு 7.32, இதற்கு 6.73, பக்கத்துக்கு நாலு மில்லிமீட்டர் நறுக்க வேண்டும். நறுக்கியும் தீராது. பயிற்சி விமானத்தில் ஏலரான் இறக்கையின் வெளி ஓரத்தில் இருக்கும். போர்விமானத்தில் உடலை ஒட்டி உட்பக்கம் இருக்கும். வாலும் வேறு. ஏன் இத்தனை மாற்றம் என்று தேடப்போனால், கற்றுக்குட்டி பைலட் மெதுவாக இறங்குவதற்காக இறக்கையையே பெரிதாக்கினார்கள் என்பது தெரியவரும். கத்தியை எடுப்பதற்கு முன்பே நோட்டு இவ்வளவு பாடம் நடத்திவிடுகிறது. இந்தப் பழக்கத்தின் பலம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

பின்னால் செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபி கம்பெனி ஒற்றை இருக்கை நேட்டையும், அதிலிருந்து எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) வளர்த்தெடுத்த அஜீத்தையும் 1/72இலேயே கொண்டுவந்துவிட்டது. வெட்டும் வேலைக்கே அவசியமில்லாமல் போயிற்று. அளவெடுத்து வைத்தவருக்கு இதில் நஷ்டமில்லை. ‘என்றைக்காவது வெட்டலாம்’ என்று பெட்டியை மட்டும் வாங்கி அடுக்கியவருக்குத்தான் நஷ்டம்.

அஜீத்திலிருந்து கிளைக்கும் இன்னொரு திட்டம்தான் என் பார்வையில் சுத்தமான கற்பனை மாற்றம். எச்.ஏ.எல். அஜீத்தின் உடலை நீட்டி, இன்னொரு இருக்கை வைத்து ஒரு பயிற்சி விமானம் செய்தது. 1982 செப்டம்பரில் அது பறந்தது. அந்த டிசம்பரிலேயே விழுந்து நொறுங்கியது. அடுத்த மாதிரிகள் பறந்தும் திட்டம் தேறவில்லை. நவீன ஜெட் பயிற்சி விமானமாக ஹாக் வாங்க ஒப்பந்தம் போட்டது 2004இல்தான். நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்தக் காலத்தில் பீதர் தளத்தில் அஜீத் பயிற்சி விமானங்கள் சிவப்பு வெள்ளையில் வரிசையாக நின்றிருந்தால்? ஏர்பிக்ஸின் முன்பாதியையும் ஸ்பெஷல் ஹாபியின் இறக்கையையும் வைத்துத் தொடங்கலாம். மேஸ்திரியின் கேள்விக்கும் பதில் இருக்கிறது: கிரண் பயிற்சி விமானத்தில் பழகிவிட்டு மிக்-21இன் வேகத்துக்குத் தாவ வேண்டியிருந்த இளம் பைலட்கள்தான் இதன் லோடு.

மாருத்துக்கு வரும்போது இந்த நிதானம் காணாமல் போகிறது. ஜெர்மானியர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைத்து, 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்து, மொத்தம் 147 கட்டப்பட்ட எச்.எப்.24 மாருத், இந்தியக் கற்பனை மாடல்காரர்களின் செல்லப்பிள்ளை. ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்துக்கு வரைந்த உடல். கிடைத்ததோ ஆர்பியஸ் 703 என்ற சக்தி குறைந்த இஞ்சின். எனவே ஆளுக்கு ஒரு பெரிய இஞ்சினை மாட்டிவிடுகிறார்கள். பின்குழாயைக் கொஞ்சம் தடிக்க வைத்து, இறக்கையடியில் நாலு ஏவுகணை தொங்கவிட்டால் முடிந்தது. இஞ்சின் கிடைக்காமல் போன கதைதான் மாருத்தின் கதை என்பது இந்தத் திட்டங்களில் எங்கும் வருவதில்லை. ஆர்பியஸ் 12 இஞ்சினை முடித்துக்கொடுக்கும் செலவை ஏற்க பிரிட்டனும் முன்வரவில்லை, இந்தியாவும் முன்வரவில்லை. எகிப்தின் இ-300 இஞ்சின் பொருத்திய மாருத் ஒன்று எகிப்தில் நிஜமாகவே பறந்தது. அந்த இஞ்சினும் பாதியில் நின்றது. பின்எரிப்பான் சேர்த்த மாருத்தைச் சோதிக்கும்போதுதான், முதல் மாருத்தை ஓட்டிய சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரி 10 அன்று இறந்தார். ‘சக்தியுள்ள மாருத்’ என்று பெயர்வைத்துக் கட்டுகிறவர் யார் பணம் கொடுத்தார்கள், எந்த வருஷம், எதை விட்டுக்கொடுத்து என்பதற்கு ஒரு வரியாவது எழுத வேண்டாமா? அது இல்லாவிட்டால் அவர் செய்தது ஆசையை பிளாஸ்டிக்கில் ஒட்டியது மட்டுமே.

போர்விமானமே ஏன், என்றும் கேட்கலாம். எச்.ஏ.எல். விவசாயத்துக்காகவே ஒரு விமானம் செய்திருக்கிறது: எச்.ஏ.31 பசந்த். 1972இல் பறந்தது, 39 விமானங்களோடு உற்பத்தி நின்றது. ஒற்றை இருக்கை, 400 குதிரைசக்தி இஞ்சின், மூக்குக்கும் பைலட்டுக்கும் நடுவில் மருந்துத் தொட்டி. சாயலில் அமெரிக்காவின் பைப்பர் பானீக்கு நெருங்கிய உறவு என்பதால் மாற்றிக் கட்டவும் தோதானது. மோகனூர்க் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்புக்கு மேலே, காவிரிக்கரை வாழைக்கு மேலே பசந்த் மருந்தடித்துக்கொண்டு போவதாக ஒரு மாடலையும் டயோராமாவையும் நினைத்துப் பாருங்கள். உள்ளூர்க்காரர் மட்டுமே நினைக்கக்கூடிய திட்டம் இது.

இதை அளவுகோலில் வைத்தால் தோற்றுப்போகிறது என்பதுதான் சுவாரசியம். பசந்த் மாதிரியான விமானம் லாபமாக ஓட வேண்டுமானால் ஒரே பயிர் கண்ணுக்கெட்டிய தூரம் வேண்டும். இங்கே ஏக்கர் இரண்டு ஏக்கராக நிலம்; கரும்புக்குப் பக்கத்தில் வாழை, அதை ஒட்டி வெற்றிலைக் கொடிக்கால், வரப்பில் தென்னை, குறுக்கே மின்கம்பி. ஒருவர் கரும்புக்கு அடிக்கும் மருந்து அடுத்தவர் வெற்றிலையில் விழுந்தால் பஞ்சாயத்துதான். இப்போது அதே வேலையை வாடகை டிரோன்காரர் ஒரு வேனில் வந்து, வரப்பில் நின்றபடி முடித்துவிட்டுப் போகிறார். ஆக பசந்த் ஏன் 39இல் நின்றது என்பதில் ஒரு பாதியாவது, இந்தக் காட்டைப் பார்த்தாலே விளங்கிவிடுகிறது. தோற்ற திட்டம்தான், ஆனால் மாருத்துக்கு மாட்டிய பத்து இஞ்சின்களைவிட இது எனக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கிறது. கட்டியே தீரவேண்டும் என்றால் தென்னையை நடாமல் டயோராமா செய்து ஏமாற்றக் கூடாது. கம்பியையும் தென்னையையும் வைத்து, பைலட் திணறுவது தெரியக் கட்ட வேண்டும்.

கற்பனை என்ற பெயரில் அதிகம் நடப்பது டீக்கால் மாற்றுவதுதான். எப்-16இலும் ரஷ்ய விமானம் ஒன்றிலும் மூவண்ண வட்டத்தை ஒட்டிவிட்டு ‘இந்திய விமானப்படை வாங்கியிருந்தால்’ என்று பெயர் வைப்பது. கெடுதல் இல்லை, ஆனால் சோம்பேறித்தனம். நிஜமே இதைவிட விசித்திரமாக இருக்கும்போது எதற்கு? பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்பயர் ஓட்டிய பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆவது ஸ்குவாட்ரனுக்கு அதிகாரபூர்வப் பெயரே ‘மெட்ராஸ் பிரசிடென்சி’. 79ஆவது ஸ்குவாட்ரனுக்கும் அதே பெயர்; அது இந்தியாவுக்கே வந்து ஹரிக்கேனும் தண்டர்போல்ட்டும் ஓட்டியது. சேலம் ஜில்லாவையும் உள்ளடக்கிய மாகாணத்தின் பெயர் அந்த விமானங்களின் வரலாற்றில் இருக்கிறது. உலகத்தில் மலிவாகக் கிடைக்கும் கிட்களில் ஒன்று ஸ்பிட்பயர். இதை நோட்டில் எழுதி வைத்திருக்கும் தமிழ் மாடல்காரர் அபூர்வம்.

இன்னொரு குறை எல்லோருக்கும் தெரிந்ததே: திட்டம் வேலையைத் தின்றுவிடும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் மாணவராக இருந்தபோது விமான வடிவமைப்பில் சுணங்க, இயக்குநர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்து, முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்ற கதை பள்ளி ஆண்டுவிழாக்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. அதில் கவனிக்கப்படாத ஒன்று, அவர் வரைந்தது தாழப் பறந்து தாக்கும் போர்விமானம். அது கட்டப்படப் போவதே இல்லை. கற்பனை விமானம்தான். ஆனாலும் காற்றியக்கக் கணக்கு ஒத்துவர வேண்டியிருந்தது, தேதியும் இருந்தது. பொழுதுபோக்குக்குக் கெடுவா என்று முகம் சுளிப்பார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் வண்ணம் முடித்தாக வேண்டும் என்பதே போதுமான கெடு.

கடைசியாக, வீட்டுக்கு வெளியே போகும்போது வரும் சிக்கல். 1986இல் டெஸ்டர்ஸ் என்ற அமெரிக்க கம்பெனி ‘எப்-19 ஸ்டெல்த்’ என்று வளைந்து வழுக்கும் உடலோடு ஒரு கற்பனை விமானத்தை கிட்டாக விற்றது. ரகசியம் வெளியாகிவிட்டதோ என்று அமெரிக்க நாடாளுமன்றம் வரை பேச்சு போயிற்று. 1988 நவம்பரில் நிஜமான எப்-117 படம் வெளியானபோது அது தட்டைத் தட்டையாக, முனை முனையாக, கிட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. அன்றைக்குக் குழம்பியவர்கள் அமெரிக்கர்கள். இன்றைக்குப் பள்ளிக் கண்காட்சியில் ஒரு கற்பனை மாருத்தை வைத்தால் பிள்ளைகள் பெயரட்டையைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். ஒரு பெற்றோர் படமெடுத்து அனுப்பினால் மாலைக்குள் ‘மறைக்கப்பட்ட இந்திய விமானம்’ என்று குடும்பக் குழுக்களில் சுற்றும். அட்டையில் ‘கற்பனை’ என்று ஒரு சொல்லை மூலையில் போடுவது போதாது. நடந்தது எதுவரை, கற்பனை எங்கிருந்து என்று பிரித்து எழுத வேண்டும். ‘அஜீத் பயிற்சி விமானம்: 1982இல் பறந்தது நிஜம். பீதர் தளம், சிவப்பு வெள்ளை நிறம், ஸ்குவாட்ரன் சின்னம் கற்பனை.’ இரண்டு வரிக்கு மேல் வேண்டியதில்லை. எழுத்து மட்டும் ஏழாம் வகுப்புப் பிள்ளை எட்ட நின்று படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.