கிழிந்த பக்கத்தை யார் நிரப்புவது?

நம்மில் பலர் கதை சொல்லும் கேம்களை முதலில் பார்த்தது யூடியூபில்தான். கன்சோல் வாங்கக் காசு இருக்காது, ஆனால் யாரோ விளையாடுவதை எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிடுவோம். கதை புரிந்துவிடும், கடைசியில் கண்ணும் கலங்கிவிடும். அப்படியென்றால் நடுவில் இருக்கிற விளையாட்டு எதற்கு? பார்த்தவனுக்குக் கிடைக்காத எது விளையாடியவனுக்குக் கிடைக்கிறது? ஒரு கேமை அளக்க எனக்குத் தெரிந்த நேர்மையான கேள்வி இதுதான். (கீழே இரண்டு கேம்களின் கதையைப் போட்டு உடைக்கிறேன்.)

2007இல் கிளின்ட் ஹாக்கிங், ‘பயோஷாக்’ கேமின் கதை ஒன்று சொல்கிறது, ஆட்டம் வேறொன்று சொல்கிறது என்று விமர்சித்தார். அந்த முரணுக்கு ‘லூடோநரேட்டிவ் டிசொனன்ஸ்’ என்று பெயரும் வைத்தார். முரண் இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டும் ஒட்டிப்போவது எப்படி இருக்கும்?

2013இல் வந்த ‘பிரதர்ஸ்’ ஒரு பதில். கன்ட்ரோலரின் இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தம்பி. தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம், அண்ணன் முதுகில்தான் ஆற்றைக் கடப்பான். அண்ணன் செத்த பிறகு தம்பி தனியாகத் தண்ணீர் முன்னால் நிற்கிறான். வலது பட்டனை அமுக்கிப் பார்க்கிறோம், நகர மாட்டேன் என்கிறான். வேறு வழியில்லாமல் இவ்வளவு நேரம் சும்மா கிடந்த இடது பட்டனை, அண்ணனின் பட்டனை, அமுக்குகிறோம். நீந்துகிறான். யூடியூபில் பார்த்தவனுக்குத் தெரிவது ஒரு பையன் நீந்துவது மட்டும்தான். அந்தப் பட்டனைத் தேடிப்போன விரல் அவனிடம் இல்லை.

நமக்கு இது புதுசும் இல்லை. சேலம், நாமக்கல் பக்கம் அர்ச்சுனன் தபசு பார்த்தவர்களுக்குத் தெரியும். வேஷம் கட்டியவர் பாட்டுப் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுவார். ‘கதையை நிறுத்திவிட்டு ஏறுகிறாரே’ என்று யாரும் சலித்துக்கொள்வதில்லை. அங்கே ஏறுவதேதான் தவம்.

இனி ‘வெண்பா’. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது, 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா வாங்கியது. 1980களின் கடைசியில் கனடாவுக்குப் போன வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். இட்லித் தட்டைக் குழி மேல் குழி வராமல் திருப்பி அடுக்குவது நம் வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கைக்கு வந்த விஷயம். கடல் தாண்டினால் அது புதிர் ஆகிவிடுகிறது. புலம்பெயர்தலைப் பற்றிப் பத்து வசனம் எழுதியிருந்தாலும் இவ்வளவு சொல்லியிருக்க முடியாது.

மகன் வருகிறான் என்று விருந்து சமைக்கும் இடமும் அப்படித்தான். ஒவ்வொரு பதார்த்தத்தையும் நாம்தான் செய்கிறோம். அவன் வரவில்லை. வீணானதில் நம் கைவேலையும் இருக்கிறது.

ஆனால் ‘வெண்பா’ பாதி தூரம்தான் துணிகிறது. தப்பாகச் செய்தால் மறுபடி செய்யலாம், இழப்பு எதுவும் கிடையாது. பேச்சில் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதை அதே பாதையில்தான் போகும். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பது பலரின் குறை. நீளம் எனக்குப் பிரச்சினை இல்லை. ஒரு குடும்பம் மொழியை இழக்கும் கதையில், ஆடுகிறவன் எதையும் இழக்காமல் வெளியே வருவதுதான் பிரச்சினை.

பின்னால், தமிழ் சரளமாகப் படிக்க வராத கவின் கைக்கு அதே புத்தகம் வருகிறது. மொத்த கேமிலும் கதையும் ஆட்டமும் பிரிக்க முடியாமல் ஒட்டுவது அங்கேதான். அவன் தடுமாறும் எழுத்தை நாம் சட்டென்று படித்துவிடுகிறோம். தமிழ் தெரியாத ஆட்டக்காரர் கவினாக ஆடுகிறார், நாம் வெண்பாவாக அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம். இன்னும் இருபது வருஷம் கழித்து நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த கேமை எடுத்தால், எந்தப் பக்கம் நின்று ஆடுவார்கள்?