பிணைப்பை மறந்த இரசாயனம்

தமிழில் அறிவியல் எழுதப் புகுந்தவர்களிடம் நமக்கு நன்றியும் உண்டு, குறையும் உண்டு. நன்றியைப் பலர் கூறியிருக்கின்றனர். குறையைக் கூறுவார் சிலரே. ஆதலின் அதனை இங்குக் கூறத் துணிகின்றோம்.

பொதுமக்களுக்கென்று எழுதப்படும் நம் இரசாயனக் கட்டுரைகளிற் பெரும்பாலானவை சரக்குப் பட்டியல் போன்றவை. "நீர் என்பது இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் கூடியது" என்று எழுதியதும் ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். எதனால் ஆயது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. அப்பொருள் ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறது என்ற கேள்வியோ எழவேயில்லை. வாசகன் இரண்டு பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு, முன்னிருந்த அறியாமையோடேயே எழுந்து போகிறான்.

இஃது எவ்வளவு பெரிய குறை என்பதைக் காட்ட நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை, செம்பவாங் போதும். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்திருக்கும் அவ்வட்டாரம் ஒரு காலத்தில் பால்மரக் காடு. 1911இல் தொடங்கப்பெற்ற புக்கிட் செம்பவாங் ரப்பர் கம்பெனியின் தோட்டங்கள் அங்கே பரந்து கிடந்தன. அக்கம்பெனியின் பெயரைத் தாங்கிய நிறுவனம் இன்று வீடு கட்டி விற்கிறது. இந்நாட்டிலும் மலாயாவிலும் விடியுமுன் எழுந்து, மரத்தின் பட்டையைச் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தவர்களில் நம்மவர் எத்தனை ஆயிரவர்! ஒட்டுப்பாலை உரித்தெடுத்த விரல்களுக்கு ரப்பரின் குணம் தெரியும். அக்குணத்தின் காரணத்தை அவர்கள் மொழியில் அவர்களுக்குச் சொன்னவர் யார்?

ரப்பர் இத்தீவுக்குப் புதியது. பிரேசிலில் திரட்டிய விதைகள் 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திற்கு வந்தன; அவற்றின் வழிவந்த 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்தன. அதற்கு முன்பே இக்காடுகளுக்கு உரிய வேறொரு பால் இருந்தது. மலாய்க்காரர் அதனைக் கெத்தா பெர்ச்சா என்பர். தபான் மரத்தின் பால் அது. வெந்நீரில் இட்டால் இளகும். விரும்பிய உருவில் பிடித்து ஆறவிட்டால் இறுகிவிடும். பாராங் கத்திகளுக்கு அதனாற் செய்த கைப்பிடிகளைக் கண்டு வியந்த வில்லியம் மான்ட்கோமரி என்னும் மருத்துவர், 1840களில் இங்கிருந்து அதன் மாதிரிகளை அனுப்பிவைத்தார். கடல்நீர் புகாதபடி தந்திக் கம்பியைப் போர்த்த அதனினும் சிறந்த பொருள் அக்காலத்தில் இல்லை. 1871இல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்த கடலடித் தந்திக்கும் அத்தகைய போர்வையே இட்டனர். பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தமையால் தபான் இத்தீவில் அருகிப் போயிற்று. பல்லின் வேர்க்குழியை அடைக்கப் பல் மருத்துவர் இன்றும் பயன்படுத்துவது இப்பொருளையே.

இனி விந்தையைக் காண்போம். ரப்பரில் கார்பன் ஐந்துக்கு ஹைட்ரஜன் எட்டு என்ற விகிதம் உண்டு என்று பாரடே 1826இல் கண்டார். 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் என்பார் ரப்பரையும் கெத்தா பெர்ச்சாவையும் தனித்தனியே காய்ச்சி வடித்தார். இரண்டிலிருந்தும் ஒரே நீர்மமே வந்தது. அதற்கு ஐசோப்பிரீன் என்று பெயரிட்டார். ஆகவே இரு பாலுக்கும் அணுக்கள் ஒன்றே, விகிதமும் ஒன்றே. ஆயினும் ஒன்று இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிறது. மற்றொன்று கட்டைபோற் கிடக்கிறது. "எதனால் ஆயது?" என்று மட்டும் கேட்கும் நம் பட்டியல் இரசாயனம் இங்கே வாயடைத்து நிற்கும். இரண்டுக்கும் அது ஒரே வரியைத்தான் எழுத முடியும்.

விடை பிணைப்பில் இருக்கிறது. ஐசோப்பிரீன் கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நெடுஞ்சங்கிலியே ரப்பர். இத்தகைய நெடுமூலக்கூறுகள் உண்டென்று 1920இல் ஸ்டவுடிங்கர் கூறியபோது வேதியியலாரிற் பலர் ஏற்கவில்லை. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓரிடத்தில் இரு கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கட்டுண்டுள்ளன. ஓர் ஆணியில் மாட்டிய பலகை சுழலும். இரண்டு ஆணி அடித்த பலகை சுழலாது. ஒற்றைப் பிணைப்புக்கும் இரட்டைப் பிணைப்புக்கும் உள்ள வேறுபாடு அத்தகையது. சுழல முடியாத அவ்விடத்தில் சங்கிலி எப்பக்கமாக வந்து எப்பக்கமாகப் போகிறது என்பதே முழுக் கதையும். வந்த பக்கமே போனால் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு வளைவு விழும், அதுவே ரப்பர். எதிர்ப்பக்கமாகப் போனால் சங்கிலி நிமிர்ந்து ஓடும். அதுவே கெத்தா பெர்ச்சா.

நிமிர்ந்த சங்கிலிகள் விளக்குமாற்றின் ஈர்க்குகள்போல ஒன்றையொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும். அதனால் அப்பொருள் கெட்டியாகிறது. வெந்நீரின் சூடு அவ்வடுக்கைக் குலைக்கும்போது இளகுகிறது. வளைந்த சங்கிலிகளோ அவ்வாறு அடுங்கமாட்டா. சிக்குண்ட நூல்போலச் சுருண்டு கிடக்கும். இழுத்தால் நிமிரும். விட்டால், வெப்பத்தால் ஓயாது துடித்துக்கொண்டிருக்கும் அணுக்கள் சங்கிலியை மீண்டும் சுருள் நிலைக்கே கொண்டுவந்துவிடும். ஐயமுள்ளவர் ஓர் அகன்ற ரப்பர் வளையத்தை விரைவாக இழுத்து உடனே உதட்டில் வைத்துப் பார்க்கட்டும், சுடுவதை உணரலாம். சிறிது நேரம் இழுத்தபடி வைத்திருந்து, தளர்த்தியவுடன் மீண்டும் வைத்தால் குளிரும். இதற்குக் கல்லூரிக் கூடமும் வேண்டா, காசும் வேண்டா.

பச்சை ரப்பர் வெயிலிற் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதே பிசுபிசுப்புக்குக் காரணம். 1839இல் குட்இயர் அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோது, கந்தக அணுக்கள் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே பாலமாயின. நீளும் தன்மை நின்றது. வழுக்கும் தன்மை ஒழிந்தது. வண்டிச் சக்கரத்தின் டயர் பிறந்தது இப்பாலத்தினால்தான்.

இவ்விதி பால்மரத்தோடு நின்றுவிடுவதன்று. கரியமில வாயுவின் மூலக்கூறு நீரினுடையதைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ளது. எடையை மட்டும் பார்த்தால் நீரன்றோ முதலில் ஆவியாகிப் பறக்க வேண்டும்? நடப்பதோ நேர்மாறு. கரியமில வாயுவின் மூலக்கூறு நேர்கோடு. இருபுற இழுப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நீரின் மூலக்கூறு ஏறத்தாழ 104.5 பாகையில் வளைந்தது; ஒரு முனை சற்று நேர்மின்னும் மறுமுனை சற்று எதிர்மின்னும் கொண்டு அண்டை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கிறது. அப்பற்றினால்தான் குடத்தில் நீர் நிற்கிறது.

இத்துணையும் தமிழில் ஏன் பரவவில்லை? வரலாற்றை நடுநிலையோடு நோக்குவோம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் முயற்சியால் "கெமிஸ்தம்" என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. கார்பனின் பிணைப்புகள் நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று வான்ட் ஹாஃப் சொன்னது 1874இல். ஆகவே மூலக்கூற்றின் உருவம் அந்நூலில் இல்லையென்று பழிப்பது நியாயமாகாது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பரும் சாஸ்திரச் சொற்களை ஆக்கச் சங்கம் கண்டனர். அதே 1916இல் அமெரிக்காவில் கில்பர்ட் லூயிஸ், இரு அணுக்கள் ஓர் இணை எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்வதே பிணைப்பு என்று எழுதினார். பின்னர் இராஜாஜி "திண்ணை ரசாயனம்" எழுதினார். திண்ணைக்கு இரசாயனத்தைக் கொண்டுவர வேண்டும் என்ற அவ்வெண்ணத்தை, அரசியலில் அவரோடு மாறுபட்டோரும் போற்றவே வேண்டும்.

ஆயினும் அதன்பின் நம் அறிஞர் உழைப்பிற் பெரும்பகுதி பெயர்ப் போரிலேயே கழிந்தது. பிராணவாயுவா, உயிர்வளியா? ஆக்சிஜனா, ஒட்சிசனா? தமிழகம் ஒன்று எழுத, இலங்கை மற்றொன்று எழுதுகிறது. வடசொல்லை விலக்க வேண்டும் என்ற ஆர்வத்தை நாம் குறை கூறவில்லை. தன்மானமுள்ள மொழிக்கு அது வேண்டுவதே. ஆனால் பெயர்ச்சொற்களை மட்டும் திருத்திவிட்டால் வாக்கியம் அமைந்துவிடுமா? தனிமம் பெயர் என்றால் பிணைப்பு வினை. வினையில்லாத எழுத்து பட்டியலாகத்தான் முடியும்.

இதனைத் தமிழன் உணர்வது அரிதன்று. நம் இலக்கணத்தார் பொதுமொழி என்று ஒன்றை வகுத்தனர். தாமரை என்பது ஒரு மலர். அதே எழுத்துகள் தா, மரை என்று பிரிந்து நின்றால் தாவும் மான். வேங்கை என்பது மரமோ புலியோ ஆம். வேம், கை என்று நின்றால் வேகின்ற கை. எழுத்தில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. சேர்ந்த முறை மாறியது, பொருள் மாறியது. புணர்ச்சிக்கு ஓர் இயலே வகுத்த மொழியில் அணுக்களின் பிணைப்பை எழுத இயலாது என்று யாரேனும் சொன்னால், அவர் மொழியையும் அறியார், இரசாயனத்தையும் அறியார்.

"பாடநூலில் இவையெல்லாம் உள்ளனவே!" என்பர் சிலர். உள்ளன, மறுக்கவில்லை. தமிழகத்து மேல்நிலை வகுப்பு நூல்களிலும் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலும் பிணைப்பைப் பற்றிய பாடங்கள் உண்டு. ஆனால் அவை தேர்வை நோக்கி எழுதப்பட்டவை. முதலில் வரையறை, பின்னர் வகை, அதன்பின் வினா. பொருளைக் கையிற் கொடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடச் செய்யும் முறை அங்கில்லை. தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகும் அறிவு வீட்டுக்கு வந்து சேராது.

"உழைப்பாளிக்கு இது எதற்கு? பிள்ளைகள்தாம் ஆங்கிலத்திலோ மலாயிலோ படிக்கிறார்களே!" என்பார் வேறு சிலர். இது பழைய பல்லவி. சிங்கப்பூரில் பிள்ளை ஆங்கிலத்தில் அறிவியல் கற்கட்டும், வேண்டுவதே. ஆனால் அப்பிள்ளை மாலையில் வீடு திரும்பிப் பாட்டியிடம் தான் கற்றதைச் சொல்ல ஒரு மொழி வேண்டாமா? ஐம்பது ஆண்டு பால் வெட்டிய கையும் பாலின் காரணத்தைக் கற்ற தலையும் ஒரே வீட்டிலிருந்து ஒன்றோடொன்று பேச முடியாமற்போனால், அறிவு அவ்வீட்டை இரண்டாகப் பிளக்கிறது. தொழில் ஒருவனுக்கு, காரணம் மற்றொருவனுக்கு என்று பங்கிட்ட பழைய ஏற்பாட்டை எதிர்த்துத்தானே சீர்திருத்தம் தோன்றியது?

நம் அணியிலேயே உள்ள ஒரு குறையையும் சொல்லிவிடுவோம். "அணுக்கள் எல்லாம் சமம்; ஆகவே சாதியில்லை" என்று முடிக்கும் கட்டுரைகள் நம்மிடையே மிகுதி. சாதி பொய் என்பதற்கு அணுவின் சாட்சி வேண்டுவதில்லை. மனிதனின் மானமே போதும். இரசாயனத்தை மேடைப் பேச்சுக்கு உவமையாக்கினால் இரண்டும் கெடும். பிறப்பைக் கேளாது அமைப்பைக் கேட்கும் பழக்கம் அவ்வியலைக் கற்பவனுக்குத் தானே வரும். அதை அவன்மேல் ஏற்றிச் சொல்ல வேண்டா.

ஆதலின் எழுத வல்லோரை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. அப்பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் சேர்ந்து படிக்கத்தக்க சிறு நூலொன்று வேண்டும். அதன் முதல் அதிகாரம் தனிமங்களின் பெயர்ப் பட்டியலாக இருத்தலாகாது. மங்கில் வடியும் பாலிலிருந்து அது தொடங்கட்டும். ஆசிட் ஊற்றினால் ஏன் உறைகிறது, இழுத்தால் ஏன் நீள்கிறது, தபான் மரத்தின் பால் ஏன் நீளவில்லை என்று கேட்கட்டும். பெயர்கள் தேவைப்படும் இடத்தில் தாமே வந்து சேரும்.