ஒத்தியும் ஒற்றியும்: வாடகை வீட்டுக் கணக்கு, இரு கரைகளில்

புதுக்கோட்டை ராஜவீதிகளை ஒட்டிய சந்துகளில் வீடு பார்க்கப் போனால் காதில் விழும் முதல் கேள்வி, "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்பதுதான். ஒத்தி என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டுக் குடியேறுவது. "வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை" என்று ஒரு வரி எழுதினால் பேச்சு முடிந்தது. காலி செய்யும்போது பணம் முழுசாகத் திரும்ப வேண்டும்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில் இதே சொல் ஒற்றி. 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய தேசவழமையிலேயே அது இருக்கிறது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பலனை எடுத்துக்கொள்வார். ஆனால் இன்று வீடு வாடகைக்கு விடுவது அங்கே வேறு கணக்கு. கொழும்பு வெள்ளவத்தையில் ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருஷ வாடகையையே முற்பணமாகக் கேட்பார்கள். அது பெரும்பாலும் வாடகையில் கழிந்துபோகும்.

வித்தியாசம் இங்கேதான். கழிந்துபோகும் முற்பணம் வருமானம். திரும்பப் போகும் ஒத்திப் பணம் கடன். முதலீடாக வீடு வாங்குகிற நம்மூர்க்காரர் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

உதாரணத்துக்கு, மாதம் 4,000 ரூபாய் வாடகை வரும் வீட்டை 4 லட்சத்துக்கு ஒத்தி விடுவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் மாதம் 2,333 ரூபாய்தான். வாடகையைவிடக் குறைவு. நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக் கடனை அடைக்கப் பயன்படுத்தினால் மாதம் 8,000 மிச்சம். அப்போது ஒத்தி லாபம். மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ செலவழித்துவிட்டால், மூன்று வருஷம் கழித்து அடுத்த ஒத்திக்காரர் கிடைக்கும்வரை வீட்டை மீட்க முடியாது. பணம் கைக்கு வராமல் குடியிருப்பவர் வெளியேற மாட்டார்; அது அவர் குற்றமும் இல்லை.

இரண்டாவது தொல்லை காகிதம். ஒத்தி என்பது சட்டக் கண்ணில் அனுபவ அடமானம். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி லட்சக்கணக்கான ரூபாய் அடமானத்துக்குப் பத்திரப் பதிவு வேண்டும். நாமோ கட்டணத்துக்குப் பயந்து சாதாரண முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சியோடு நிறுத்திக்கொள்கிறோம். வாடகைக்கும் இதே கதை. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குத் தப்பத்தான் "பதினோரு மாதம்" என்ற வழக்கமே வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் காலக்கெடு பார்ப்பதில்லை. எந்த ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

இலங்கையில் காகிதப் பழக்கம் நம்மைவிடப் பழையது. 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில், இரு சாட்சிகளோடு கையெழுத்திட வேண்டும். அங்கே வீட்டுக்காரர்களின் பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்பவரை எழுப்புவதைக் கடினமாக்கியது. 1973ஆம் ஆண்டு வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், உச்சவரம்புக்கு மேற்பட்ட வீடுகளைக் குடியிருந்தவரே வாங்க வழிவிட்டது. வாடகைக்கு விட்ட வீடு கைவிட்டுப் போவதைக் கண்ணால் பார்த்த ஊர் அது.

சின்னச் சண்டைகள் இரு கரைக்கும் பொது. அங்கே மாதாமாதம், இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில். குடிவரும் அன்றே மீட்டர் எண்ணைப் படமெடுத்து ஒப்பந்தத்தோடு வைத்தால், காலி செய்யும் நாளில் வாய்த்தகராறு பாதி குறையும். சுவர், குழாய், கதவு எல்லாவற்றுக்கும் அதே படம் போதும்.

நொத்தாரிசுப் பழக்கத்தை நாம் அவர்களிடம் கற்கலாம். ஒத்தியை விடவே முடியாதென்றால், அந்தப் பழைய வரியோடு இன்னொன்றைச் சேர்க்கலாம். வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை. பணம் இன்ன தேதியில், இன்ன வங்கி வைப்பிலிருந்து திரும்பும். இந்த மூன்றாவது வரியை எழுதக் கை வராதவர், வாடகைக்கே விடட்டும்.